வீட்டுக்குப் பனியன் போட்டவள்

ஒச்சாயி அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது ஃபேன். அடுத்தது ரேடியோ. அதற்கும் அடங்காவிட்டால் கதவு. மனிதர்களை அவள் அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அடித்துவிடுவாள் என்று எல்லோரும் நம்பினார்கள், அந்த நம்பிக்கையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நின்றுபோன எதுவும் இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும் என்பது அவள் கொள்கை. கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் மக்கர் பண்ணினால் மெக்கானிக்குக்கு முன்னால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ஏன், ஒனக்கு மட்டும் லீவா?" என்று மிஷினைக் கேட்பாள். பாதி நேரம் அது ஓடிவிடும்.

2008ஆம் வருஷக் கோடையில் அந்தக் கொள்கை தோற்றது. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் என்று கரண்டைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். ஃபேனை அவள் என்னதான் அடித்தாலும் அதுவும் பாவம், எங்கே போகும்.

அக்காவும் நானும் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். குறை எங்கே என்று அம்பு சொல்லும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் விட்டேன் என்று பள்ளிக்கூடம் சொல்லும். அம்பு ஒட்ட எட்டாவதே அதிகம்.

குடியிருப்பதும் ஒரே லைனில்தான். திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டை ஒட்டி வள்ளியாத்தாள் அம்மா கட்டி விட்டிருந்த ஒற்றை அறை வீடுகள். ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும், ரயில் மட்டும் வராது. மேலே சிமெண்ட் ஷீட். முன்பக்கம் கிழக்கே ரோடு, பின்பக்கம் மேற்கே வள்ளியாத்தாள் அம்மாவின் சொந்த வீடு, கான்கிரீட் போட்ட தார்சு வீடு. முதல் அறை எங்களுடையது. அத்தா, அம்மா, நான். கடைசி அறை உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒச்சாயி அக்காவுக்கும் சீனிச்சாமி அண்ணனுக்கும். காலை வெயில் முகத்தில் அடிக்கும், மத்தியானம் உச்சியில் அடிக்கும், சாயங்காலம் முதுகில் அடிக்கும். அடி வாங்காத பக்கம் தரை ஒன்றுதான்.

சீனிச்சாமி அண்ணனைப் பற்றிச் சொன்னால்தான் அக்காவைப் பற்றிச் சொன்னதாக ஆகும். அவருக்குச் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட். கொதிக்கிற சாயத் தண்ணீரில் துணி சுற்றிக்கொண்டே இருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் விடிய விடிய நிற்க வேண்டும். அவர் நகத்தைப் பார்த்தால் வெளிநாட்டுக்காரன் இந்த வாரம் என்ன கலர் கேட்டிருக்கிறான் என்று சொல்லிவிடலாம். காலையில் வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் வரை தூங்கியாக வேண்டும். ஊர் தூங்கும்போது விழித்திருக்கிறவருக்கு, ஊர் விழித்திருக்கும்போது தூங்க ஓர் இடம். உலகத்தில் அவர் கேட்டது இவ்வளவுதான். அதற்குத்தான் தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட்டைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலை, அண்ணன் முழங்கைக்குக் கீழே துணி சுற்றிக்கொண்டு வந்தார். நின்றபடியே கண் அசந்திருக்கிறார், கை போய் ஸ்டீம் பைப்பில் பட்டிருக்கிறது. சூப்பர்வைசர் மருந்து தடவிவிட்டு, "இன்னொருக்கா தூங்கி உழுந்தீங்கன்னா வர வேண்டாமுங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கொஞ்சம் சொக்கிருச்சு, அம்புட்டுத்தேன்" என்றார் அண்ணன்.

"சொக்காம? பகல்ல தூங்குனாத்தான? இந்த வீட்டுக்குள்ள முட்டையை வச்சா குஞ்சு பொரிக்கும். மனுசன் தூங்க முடியுமா?" என்றாள் அக்கா. பிறகு குரலை இறக்கி, "இந்தப் பக்கம் சாஞ்சீக, பைப்பு. அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா தொட்டி" என்றாள்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அன்று அக்கா வேலைக்கு வரவில்லை. ஏற்றுமதி அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பகல் முழுக்க வீசினாள். சாயங்காலம் நான் போனபோது வீசிக்கொண்டிருந்தது இவள், தூங்கிக்கொண்டிருந்ததும் இவள். கண் மூடியிருந்தது, கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் கூரையைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே வந்து வெயிலைத் திட்டினேன். அது கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

*

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அக்கா கட்டிங் வேஸ்ட் குவிக்கிற அறையில் போய்ச் சாய்ந்தாள். பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுத் துணி அங்கே சுவர் மறைகிற அளவுக்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மூட்டையை நகர்த்திச் சுவரில் முதுகை வைத்தவள் உடனே எழுந்து திரும்பி, சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"சனா, இங்க வாடி. இதத் தொடு."

தொட்டேன். மூட்டை இல்லாத இடத்தில் சுவர் தோசைக்கல். மூட்டைக்குப் பின்னால் தண்ணீர்ப் பானை.

"வெயிலு இந்தத் துணியத் தாண்டி உள்ள வரல, பாத்தியா" என்றாள். அவள் முகத்தில் ஓவர்லாக் மிஷின் ஓடிவிட்டதைப் பார்க்கிற சந்தோஷம்.

என் அத்தா அலாவுதீன் கட்டிங் வேஸ்ட் வாங்கி விற்கிறவர். கலர் கலந்து, எண்ணெய் பட்டு, யாரும் எடுக்காத வேஸ்ட் அவரிடம் எப்போதும் கிடக்கும். "எடுத்துட்டுப் போ தாயி, எடம் காலியானாச் சரி" என்றார். ரிஜெக்ட் ஆன துணியில் அக்கா மெத்தை மெத்தையாகப் பைகள் தைத்தாள். கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் தைக்க, நான் வேஸ்டைத் திணித்தேன். சுவருக்குச் சுவர் கம்பி இழுத்து, ஷீட்டுக்குக் கீழே, ஒரு சாண் இடைவெளி விட்டுப் பைகளை நெருக்கமாகக் கட்டினோம். பல்பு வயர் போகிற இடத்தை மட்டும் அக்கா தள்ளியே விட்டாள். மேற்குச் சுவர் முழுக்க அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டடுக்காக அடித்தாள். கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக ஒரு வானம்.

லைனே வேடிக்கை பார்க்க வந்தது. அடுத்த அறை ஜெயபாண்டி அண்ணன், தேனிப் பக்கத்து டெய்லர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் பனியன் போட்டாச்சு. ஜட்டி எப்ப மதினி?" என்றார்.

"அளவு எடுக்கணும், நீ வந்து நில்லு" என்றாள் அக்கா.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். பனியனின் கழுத்தில் வைக்கிற சைஸ் லேபிள் இருக்கிறதே, அதைப் பெரிதாக வெட்டித் தைத்து, XXL, நூறு சதவிகிதம் காட்டன், வெந்நீரில் துவைக்காதீர் என்று எழுதி அவள் நிலைப்படிக்கு மேலே ஒட்டினேன். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ரோடு வரை துரத்தினாள். ஆனால் லேபிளைக் கிழிக்கவில்லை.

*

இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் வரை ஷீட்டின் சூடு கீழே இறங்கவே இல்லை. அண்ணன் குறட்டை விட்டார். அக்கா அதை வாசலில் நின்று, பாட்டுக் கேட்பது போலக் கேட்டாள்.

மூன்றாம் நாளிலிருந்து எல்லாம் தலைகீழ். காலையில் கதவைத் திறக்கும்போதே உள்ளே இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி. ராத்திரி வெளியே காற்று குளிர்ந்தாலும் உள்ளே குளிரவில்லை. நாளுக்கு நாள் ஏறியது. பனியன் போடாத எங்கள் அறையே விடியும்போது அவள் அறையைவிடத் தேவலை. அண்ணன் ஒருநாள் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் நிழற்குடையில் போய்ப் படுத்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அவர் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருத்தர் எழுப்பி, "ஏனுங்க, அவினாசி வண்டி போயிருச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நல்லாத்தேன் தூங்குனேன்" என்றார் அண்ணன். கண் இரண்டும் சாயம் தோய்த்த மாதிரி சிவந்திருந்தது.

அக்கா கூரையைப் பார்த்துக் கையை ஓங்கினாள். மெத்தைகளை அடித்து என்ன ஆகப்போகிறது. "பூராத்தையும் பிச்சு எறியப் போறேன்" என்றாள். எனக்கும் துணி மேல் ஆத்திரமாக வந்தது. ஊரெல்லாம் எங்கள் உழைப்பைச் சாப்பிட்டது போதாதென்று வேஸ்ட் துணியும் எங்களை ஏமாற்றுகிறதே என்று.

விடை கம்பெனியிலேயே இருந்தது. சாயம் போட்டு, ஸ்டீமில் அழுத்தி, சுடச்சுடச் சுருட்டி வருகிற துணி ரோலை உடனே வெட்டக் கூடாது. பிரித்து, மேஜையில் தளர்த்தி விரித்து ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டும். அப்படிப் போடாவிட்டால் வெட்டின பனியன் சுருங்கிவிடும். அன்று காலை, கட்டிங் மாஸ்டர் முனீஸ் அண்ணன் ஹெல்ப்பர்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். முந்தின நாள் வந்த ஒரு ரோலை யாரோ பாலிதீன் கவரைக்கூடக் கழற்றாமல் அப்படியே வைத்துவிட்டார்கள்.

"வெளிய தொட்டுப் பாத்து ஆறிப்போச்சுங்கறான். உள்ள கைய உட்டுப் பாரு. ஏ ஒச்சாயி, நீயே வந்து பாரும்மா."

அக்கா ரோலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். விட்டவள் எடுக்கவே இல்லை. மேஜைக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சுடுதுடி. நேத்து வந்த சூடு, இன்னும் உள்ளயே கெடக்கு" என்றாள். "நம்மளும் வீட்டச் சூட்டோட பொதிஞ்சு வச்சிருக்கோம். வெளிச் சூடு உள்ள வரல, சரி. உள்ள இருக்கிற சூடு எப்படி வெளிய போவும்? காலைல உள்ளயே அடுப்பு எரிக்கிறேன். புழுங்குதுன்னு மத்தியானம் கதவத் தெறக்குறேன், அனல் பூராம் வந்து உக்காந்துக்கிது. ராத்திரி ஆச்சுன்னா பத்திரமா கதவச் சாத்திக்கிறேன்."

"அப்ப பனியன் தப்பில்லையாக்கா?"

"பனியன் என்னடி பண்ணும் பாவம். ஆறப்போடாம மடிச்சவ நாந்தான்."

அன்றே அடுப்பு வாசலுக்கு வந்தது. பகலில் கதவு அடைப்பு, ராத்திரி திறப்பு. ஆனால் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. உள்ளே வந்து அந்தப் பக்கம் போக வழி வேண்டுமே. திருப்பூரில் கோடை ராத்திரியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து மேல்காற்று வரும். அக்கா அறையின் மேற்குச் சுவரில், அதற்கென்றே செய்த மாதிரி ஒரு ஜன்னல் உண்டு. அதை வெளியிலிருந்து ஆணி அடித்து அடைத்திருந்தார்கள்.

ஆணி அடிக்கச் சொன்னவர் வள்ளியாத்தாள் அம்மா. எங்கள் எல்லோருடைய பின் ஜன்னலும் அவர் வீட்டுச் சுவரைப் பார்க்கும். அக்காவுடையது மட்டும் அவர் முற்றத்தைப் பார்க்கும். சாயங்காலம் அங்கே கட்டில் போட்டு உட்காருவார். அக்கா குடிவந்த புதிதில் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறாள். மறுநாள் ஆசாரி வந்து, ஒரு பழைய கதவுப் பலகையை வைத்து ஜன்னலை மூடிவிட்டுப் போனார். பலகையில் கிளி செதுக்கியிருந்தது. அந்த அம்மா அன்றும் திட்டவில்லை. "தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மிணி, எனக்கு வாசம் ஒத்துக்காதுங்க" என்றாராம். அவர் வீட்டிலும் கோழி வெந்துகொண்டுதான் இருக்கும். அதன் வாசத்துக்கு நாங்கள் யாரும் ஆசாரியைக் கூப்பிட்டதில்லை.

*

அக்கா கேட்கப் போவதற்கு முன் அவரே வந்துவிட்டார். மூட்டைச் சேதி அவர் காதுக்குப் போயிருந்தது. வாசலில் நின்று, முந்தானையால் விசிறிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்குள்ள என்னமோ மூட்டையெல்லாங் கட்டித் தொங்க உட்டிருக்கீங்களாமா?"

"வேஸ்ட் துணிங்கம்மா. வெக்கைக்கு."

"பொறி பட்டாப் பத்திக்குமுங்க. என்ற ஊடு போனாப் போகுதுங்க. நீங்க உள்ள இருக்கறீங்களே, அந்தக் கவலைதானுங்க எனக்கு."

"அடுப்ப வெளிய வச்சிட்டேங்கம்மா. உள்ள ஒரு தீக்குச்சி ஒரசுறதில்ல. அந்தப் பின் ஜன்னல மட்டும் ராத்திரிக்குத் தெறந்துக்கிறோம். விடிஞ்சதும் அடைச்சிர்றேன். அவரு பகல்ல தூங்கணும்மா. கையச் சுட்டுக்கிட்டு வந்திருக்காரு."

"அச்சச்சோ. எண்ணெய் ஏதாச்சும் போட்டீங்களா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, அதே மூச்சில், "ஜன்னலு மட்டும் கேக்காதீங்க அம்மிணி. நான் பொழுதோட அங்கதானுங்க உக்காருவேன். கோவிச்சுக்காதீங்க. நான் தாராபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறேன், ஞாயித்துக்கெழமை வந்துருவனுங்க. அதுக்குள்ள மூட்டையெல்லாம் எறக்கிப் போட்டுருங்க. சீனிச்சாமி தூங்கறாரு போல, எழுப்பிறாதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.

திட்டினால் திருப்பித் திட்டலாம். இந்த மாதிரி வார்த்தைக்கு வார்த்தை மரியாதை வைத்துக் கழுத்தைப் பிடித்தால் என்ன செய்வது? பூ வைத்துச் சுற்றின செருப்பு. அக்கா நின்ற இடத்தில் நின்றாள். ஃபேனையோ கதவையோ அடிப்பாள் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. மேலே பார்த்து, கட்டின முடிச்சு ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அவிழ்க்க வேண்டியதை எங்கே ஆரம்பிப்பது என்று பார்க்கிற மாதிரி இருந்தது அது. எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வள்ளியாத்தாள் அம்மா தாராபுரம் பஸ் ஏறினதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்தேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல்: "யாருடி அது? சனாவா? ஏய் கழுத, போடி வெளிய. எவனாச்சும் பாத்தா களவாணிப் பட்டம் கட்டுவாய்ங்க."

"ஒண்ணையும் எடுக்கலீங்கக்கா. ஆணியத்தான் எடுக்கறேன்."

"அந்தம்மா வந்தா?"

"வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிருவேன். நீங்க ஊட்ட ஆறப்போடுங்க."

சுத்தியல் கொக்கியை மேலே மாட்டினேன். "மேல் ஆணி துருப்புடிச்சது, கீழருந்து நெம்பு" என்றாள்.

பலகை கையோடு வந்தது. அக்கா உள்ளிருந்து அட்டையை விலக்கி, ஜன்னல் கதவைத் திறந்தாள். வருஷக்கணக்காக அங்கே நின்றுகொண்டிருந்த மாதிரி காற்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. வாசல் வழியாக வெளியே போகிறபோது, என்னுடைய XXL லேபிள் படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

இரண்டு ராத்திரி வீடு ஆறியது. வெயில் ஏறுவதற்கு முன் அக்கா ஜன்னலை அடைத்து, அதற்கும் ஒரு மெத்தையை மாட்டி, வாசல் கதவையும் சாத்திவிடுவாள். சனிக்கிழமை பகலில் ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தபோது, உள்ளே அண்ணன் போர்வையைக் கால் வரை இழுத்துப் போர்த்தியிருந்தார். சாயங்காலம் ஷிப்டுக்கு அவரை எழுப்ப வேண்டியிருந்தது. அவரை யாராவது எழுப்ப வேண்டி வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஞாயிறு விடிந்ததும் பலகையை எடுத்துப்போய்த் திரும்பவும் மாட்டினேன். மாட்டின அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் வள்ளியாத்தாள் அம்மா வந்தார். கல்யாணப் பட்டுச் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. கரண்ட் இல்லை. தாராபுரத்திலிருந்து நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"ஏனுங்க அம்மிணி," என்றார், "என்ற கிளி எப்படீங்க தலைகீழாத் தொங்குது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா சொன்னாள்: "நாந்தாங்கம்மா கழட்டுனேன். உள்ள வந்து பேசுங்க. வெயில்ல நிக்காதீங்க. அவரு தூங்குறாரு, கொஞ்சம் மெதுவா."

திட்டுவதற்குத்தான் உள்ளே வந்தார். வந்ததும் அக்கா கதவைச் சாத்தினாள். இருட்டு. அண்ணனின் குறட்டை. வள்ளியாத்தாள் அம்மா கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். அட்டையைத் தொட்டார். நிமிர்ந்து மெத்தைகளைப் பார்த்தார். அவருடைய தார்சு வீடு அந்நேரத்துக்கு எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும், பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் நடுராத்திரி வரை கக்கும்.

"சித்த நேரம் உக்காந்துக்கறேனுங்க" என்றார்.

அக்கா பாயைப் போட்டாள், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். கேட்க வந்ததை அவர் எந்த நேரமும் கேட்பார் என்று காத்திருந்தோம். தலை சுவரில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அறையில் இரண்டு குறட்டை. ஒன்று உசிலம்பட்டிக் குறட்டை, இன்னொன்று பட்டுச் சேலைக் குறட்டை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. மெத்தைகளைக் காப்பாற்றுகிற நேரம் இதுதான் என்பது போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் வந்தது. யாரும் அடிக்காமலேயே ஃபேன் கடகடவென்று கிளம்பியது. அக்கா பாய்ந்து அதை நிறுத்தினாள். அந்தச் சத்தத்தில் வள்ளியாத்தாள் அம்மா விழித்துவிட்டார். அண்ணன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எங்கேயோ பார்த்தபடி பேசினார்.

"நல்லாத்தானுங்க பண்ணியிருக்கீங்க. மூட்டை இருந்துட்டுப் போகட்டும். அடுப்பு மட்டும் உள்ள வரக்கூடாதுங்க."

"வராதுங்கம்மா."

"ஜன்னலும் ராத்திரிக்குத் தெறந்துக்குங்க. ஆனா அந்தக் கருவாடு மட்டும் வேண்டாமுங்க. உள்ளயும் வேண்டாம், வாசல்லயும் வேண்டாம். அப்பறம் அம்மிணி, என்ற மேல் ரூமுக்கும் இதே மாதிரி தெச்சுக் கட்டிக் குடுத்துருங்களேன். உங்களுக்குக் கை வந்திருக்குது பாருங்க."

ஜன்னல் அக்காவுடையது. அதற்குள் வருகிற காற்றுக்கு வீட்டுக்காரர் யாரும் இல்லை. அதைத் திறக்க ஒரு குழம்பை விட வேண்டுமாம், மேலே ஒரு ரூமுக்கு மெத்தையும் தைக்க வேண்டுமாம். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அக்கா இப்போதாவது கதவை ஓர் அடி அடிப்பாள் என்று பார்த்தேன்.

"சரிங்கம்மா" என்றாள் அக்கா.

அவர் போன பிறகு நான் கத்தினேன். தூங்குகிறவருக்காக மெதுவாகத்தான் கத்தினேன். "எதுக்குங்கக்கா சரின்னீங்க? உங்க ஊட்டுல நீங்க என்ன கொளம்பு வெக்கறதுன்னு அவங்களா சொல்றது?"

அக்கா அண்ணனின் கையைப் பார்த்தாள். கட்டுக்குக் கீழே புதுத் தோல் ரோஸ் கலரில் வந்திருந்தது.

"கருவாடு இல்லாம இருந்துறலாம்டி. அவரு தூங்காம இருக்க முடியாது" என்றாள். போர்வையை அவர் கால் வரை இழுத்துவிட்டு, "நெத்திலியத்தான் நெனச்சாக் கஷ்டமா இருக்கு" என்றாள்.

*

அந்தக் கோடை முழுக்க அண்ணன் தூங்கினார். தொட்டிப் பக்கமும் சாயவில்லை, பைப் பக்கமும் சாயவில்லை. லைனில் ஒவ்வொரு வீடாகப் பனியன் போட்டுக்கொண்டது. ஜெயபாண்டி அண்ணன் தன் வீட்டுக்கு உள்ளாடையும் சேர்த்தே போட்டதாகச் சொல்லிக்கொண்டார். ராத்திரி எங்கள் எல்லோர் வாசலும் திறந்து கிடந்தது. அக்கா வீட்டில் மட்டும் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போனது.

வெள்ளிக்கிழமைகளில் என் அம்மா பேகம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். முன்பு மாதம் ஒருமுறை வைத்தவள்தான், அந்தக் கோடையில் வாரா வாரம் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸில் அடியில் குழம்பு, மேலே சோறு. மத்தியானம் கம்பெனியில் வேஸ்ட் அறை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அக்காவும் நானும் சாப்பிடுவோம். அவள் முள்ளைக்கூட விடமாட்டாள். சாப்பிட்டு முடித்து, குழாயில் சோப்புப் போட்டு ஒருமுறை, பிறகு இன்னொரு முறை, பிறகு சேலை நுனியில் துடைத்து, கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். ரத்தக் கறையைக் கழுவுகிறவள் போல ஒருத்தி கருவாட்டைக் கழுவ வேண்டியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது கடிக்க வேண்டும் போலிருக்கும்.

மேல் ரூமுக்கு மெத்தை கட்டப் போனபோது நானும் கூடப் போனேன். காகிதத்தில் ஒரு கருவாட்டுத் தலையைச் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். ஒரே ஒரு மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டால் போதும். ஒரு வாரத்தில் வள்ளியாத்தாள் அம்மாவுக்கு வாசம் எங்கிருந்து வருகிறது என்று மண்டை வெடிக்கும். ஊசியைக் கோர்த்தும்விட்டேன். அப்போது அக்காவின் ஜன்னலும் ஆசாரியின் ஆணியும் ஞாபகத்துக்கு வந்தன. கருவாட்டுத் தலையை வெளியே பூனைக்குப் போட்டேன். நன்றி கெட்ட பூனை, அதுவும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது.

ஆனாலும் சும்மா வர மனசில்லை. அக்கா கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினதும், கட்டிலுக்கு நேர் மேலே இருக்கிற மெத்தையில், தலையணைக்கு நேராக, செக்கிங் மேஜையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டினேன். அம்பின் முனை கீழே பார்க்கிற மாதிரி.

வள்ளியாத்தாள் அம்மா அதன் கீழேதான் படுத்தார். நன்றாகத் தூங்கினதாக அக்காவிடம் சொன்னாராம். அம்பு என்ன என்று கேட்கவும் இல்லை, பிய்க்கவும் இல்லை. குறை எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை, அதை அது பார்த்துக்கொண்டிருந்தது.